ஸ்விஃப்ட்: ரேஸுக்குக் காசு கொடுக்கலாம், குரூப் ரைடுக்கு யோசிக்கணும்

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், கடைசியில் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஸ்விஃப்ட் (Zwift, மாருதி கார் இல்லை, வீட்டுக்குள்ளேயே சைக்கிள் மிதிக்கிற ஆப்) மாதச் சந்தா 19.99 டாலர். முன்பு 14.99 ஆக இருந்தது, 2024-ல் கூட்டிவிட்டார்கள். நம்ம பணத்தில் எப்படிப் பார்த்தாலும் 1,600, 1,700 ரூபாய்க்குக் குறையாது. ஆண்டுச் சந்தா 199.99 டாலர். இது ஆப்புக்கு மட்டும். இதற்கு மேல் ஒரு ஸ்மார்ட் ட்ரெய்னர் வேண்டும், அதாவது பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு சைக்கிளை மாட்டுகிற யூனிட். திரையில் மேடு வந்தால் அது தானாக இறுகும், நீங்கள் எத்தனை வாட் மிதிக்கிறீர்கள் என்று அளந்து ஆப்புக்குச் சொல்லும். நல்லதாக ஒன்று வாங்கப் போனால் அந்தக் காசுக்கு ஒரு சுமாரான ரோடு பைக்கே வந்துவிடும். அதனால் இது ஏழைக்கேற்ற எள்ளுருண்டை எல்லாம் கிடையாது, ஏற்கெனவே சைக்கிளில் பணத்தைக் கொட்டிவிட்டவர்கள் இன்னும் கொஞ்சம் கொட்டுகிற இடம்.

சரி, எதற்காக வாங்க வேண்டும்? மழைதான். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை சென்னையில் ஓட்டுகிறவர்களுக்கு இந்த நாடகம் நன்றாகவே தெரியும். வெள்ளி இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தர் "நாளைக்கு ரைடு உண்டா ஜி" என்று கேட்பார், இன்னொருத்தர் ரேடார் படத்தைப் போடுவார், அதற்குக் கீழே ஆளுக்கு ஒரு வானிலை அறிக்கை வாசிப்பார்கள், கடைசியில் அவரவர் விடிகாலை நாலரைக்கு எழுந்து ஜன்னலைத் திறந்து பார்த்துத்தான் முடிவு. மழையில் ஓட்டினால் என்ன, கரைந்தா போய்விடுவோம் என்று கேட்பவர்கள் ஈ.சி.ஆர். ஓரத்தில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும்போது அதற்குள் இருக்கிற பள்ளம் எவ்வளவு ஆழம் என்று பார்க்காதவர்கள். மணல் வேறு அடித்துக்கொண்டு வந்து ஓரத்தில் படிந்திருக்கும். 28 எம்.எம். டயர் அதில் ஏறினால் ஆளைத் தனியாக, சைக்கிளைத் தனியாகத் தேடணும்.

அப்படி ஒரு நவம்பர் சனி, ஞாயிறை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். சனி காலை குரூப் ரைடு, ஞாயிறு மதியம் ரேஸ். இரண்டும் ஹாலில், டிவிக்கு எதிரில்.

சனி காலை ஆறு மணிக்கு நாம் ஆப்பைத் திறக்கும்போது நியூயார்க்கில் வெள்ளி மாலை ஏழரை. வேலை முடித்து வந்து உட்கார்ந்திருக்கிற கூட்டம் அது. சிட்னியில் பதினொன்றரை, அங்கே சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சுற்று. ஐரோப்பா முழுக்கத் தூங்கிக்கொண்டிருக்கும், அதனால் நிகழ்ச்சிப் பட்டியல் கொஞ்சம் காற்று வாங்கும். இருந்தாலும் ஏதாவது ஒரு குரூப் ரைடு கண்டிப்பாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வேகம் வாட்/கிலோவில் போட்டிருப்பார்கள், அதாவது நீங்கள் மிதிக்கிற வாட்டை உங்கள் எடையால் வகுத்தால் வருகிற எண். பெயரைக் கொடுத்துவிட்டு நேரத்துக்கு வந்து நின்றால் திரையில் உங்களுக்கான பொம்மை மற்ற பொம்மைகளோடு வரிசையில் நிற்கும், கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்ததும் கிளம்பிவிடும்.

ஓட்டுகிற இடம் பெரும்பாலும் வடோபியா என்ற கற்பனைத் தீவு. எரிமலைக்குள்ளே ஒரு சாலை போகும், கடலுக்கு அடியில் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு சாலை போகும். ரைடு முடிந்து ஸ்ட்ராவாவில் (ஓட்டியதைப் பதிந்துவைக்கிற ஆப்) ஏற்றினால் வரைபடத்தில் நீங்கள் பசிபிக் கடலில், சாலமன் தீவுகள் பக்கம் ஓட்டியதாகக் காட்டும். முதல்முறை பார்க்கும்போது எல்லாரும் இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போடுவார்கள், அப்புறம் சலித்துவிடும்.

குரூப் ரைடில் தலைவர் தலைமேல் மஞ்சள் விளக்கு ஒன்று தெரியும். அவர் கூடவே ஓட்டணும், அவ்வளவுதான் விதி. சில ரைடுகளில் அவருக்கு முன்னால் ஒரு வேலி இருக்கும், அதைத் தாண்டிப் போய் அங்கேயே இருந்தால் ரைடிலிருந்து தூக்கிவிடுவார்கள். வேலி இல்லாத ரைடுகளில்தான் கூத்து. 2 வாட்/கிலோ, நிதானமாகப் பேசிக்கொண்டு போகலாம் என்று போட்டிருப்பார்கள், கிளம்பி மூன்று நிமிடத்தில் முன்னால் ஒரு பத்துப் பேர் ரேஸ் மாதிரி பிய்த்துக்கொண்டு போவார்கள், அவர்களைப் பார்த்து நடுவில் இருப்பவர்கள் இழுபடுவார்கள், மஞ்சள் விளக்கு பாவம் பின்னால் தனியாக வந்துகொண்டிருக்கும். தலைவர் சாட்டில் மெதுவாக, மெதுவாக என்று தட்டிக்கொண்டே இருப்பார். யார் படிக்கிறார்கள்? வியர்வை சொட்டுகிற விரலை வைத்துக்கொண்டு நமக்கும் பதில் தட்ட முடியாது.

சொல்ல வேண்டிய ஒரு நல்ல விஷயம், சில ரைடுகளில் எல்லாரையும் சேர்த்தே வைத்திருக்கும் ஏற்பாடு உண்டு. நீங்கள் 100 வாட் மிதித்தாலும் பக்கத்து ஆள் 300 மிதித்தாலும் பொம்மைகள் ஒரே கூட்டமாகப் போகும். புருஷன் பெண்டாட்டி, அப்பா மகள் என்று வேகம் ஒத்துவராத ஜோடிகள் சேர்ந்து ஓட்ட இதைவிட வசதி ரோட்டில் கிடையாது. அதே மாதிரி, நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கிற ரோபோக்களும் உண்டு, ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வேகம், எந்நேரமும் அதைச் சுற்றி ஒரு கூட்டம் இருக்கும். ஒரு மணி நேரம் சீராக மிதிக்கணும் என்றால் மனிதர்கள் நடத்துகிற குரூப் ரைடைவிட இந்த ரோபோவே மேல் என்பது என் கட்சி. அது யாரைப் பார்த்தும் வேகத்தைக் கூட்டாது.

ஆனால் குரூப் ரைடு என்று நாம் எதைச் சொல்கிறோமோ அது இங்கே இல்லை. ஈ.சி.ஆரில் திருவான்மியூரில் கிளம்பி மாமல்லபுரம் போகிற கூட்டத்தில் புதிதாக ஒரு பையன் வந்தால் என்ன கற்றுக்கொள்கிறான்? முன் ஆளின் பின் சக்கரத்துக்கு ஒரு அடி தள்ளி நிற்கவும், பிரேக்கைத் தொடாமல் வேகம் குறைக்கவும், கையைப் பின்னால் கொண்டுபோய் பள்ளத்தைக் காட்டவும், "பின்னாடி பஸ்" என்று ஒருத்தன் கத்தினால் பதறாமல் ஓரம் கட்டவும். முட்டுக்காடு பாலத்தில் பக்கக்காற்று அடிக்கும்போது எந்தப் பக்கம் ஒதுங்கினால் மறைவு கிடைக்கும் என்று ஒரு அண்ணன் தோளைத் தொட்டு நகர்த்திக் காட்டுவார், அந்த ஒரு தொடுகைக்குப் பிறகு அது மறக்காது. ஸ்விஃப்டில் பொம்மைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போகும். இடிக்கிற பயமே இல்லை. எதிர்க்காற்று, பக்கக்காற்று எதுவும் கிடையாது, உங்கள் வேகத்தால் உண்டாகிற காற்றுத் தடையும் முன்னால் போகிறவர் தருகிற மறைவும் மட்டும்தான் கணக்கு. ஒரு வருஷம் இதிலேயே ஓட்டிவிட்டு நல்ல வாட் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கால் குதிரை மாதிரி இருக்கும், கூட்டத்துக்குள் விட்டால் எல்லாருக்கும் அடிவயிறு கலங்கும்.

முடிந்த பிறகும் ஒன்றும் இல்லை. ரோட்டில் என்றால் ஒரு கடையில் இறங்கி பொங்கல் வடை, இரண்டாவது காபி, யாருக்கு எங்கே மூச்சு வாங்கியது என்கிற கிண்டல். இங்கே திரையில் கட்டைவிரல் படம் நாலு பறந்து வரும், எல்லாரும் ஒரே நொடியில் மறைந்துவிடுவார்கள், நீங்கள் துண்டை எடுத்துத் தரையைத் துடைக்கணும். சனிக்கிழமைக்கு என் மதிப்பெண் பத்துக்கு நாலு. இதற்காக மட்டும் மாதம் 1,700 ரூபாய் என்றால் நான் கொடுக்க மாட்டேன்.

ஞாயிறு வேறு கதை.

ஞாயிறு மதியம் இரண்டு மணி என்பது பிரிட்டனில் காலை எட்டரை, பாரிஸில் ஒன்பதரை. ஐரோப்பா மொத்தமும் குளிருக்குப் பயந்து வீட்டுக்குள் சைக்கிளில் ஏறுகிற நேரம். அரை மணிக்கு ஒரு ரேஸாவது இருக்கும், ஒவ்வொன்றிலும் நல்ல கூட்டம். நமக்கு இருக்கிற ஒரே சிக்கல், அது ஞாயிறு சாப்பாட்டு நேரம். வீட்டில் மட்டன் குழம்பு கொதிக்கிற வாசனையில் உட்கார்ந்து நாலு இட்லியோடு நிறுத்திக்கொண்டு வார்ம்-அப் செய்கிற வைராக்கியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அம்மாவுக்கு இன்னும் புரியவில்லை. "எங்கேயும் போகாத சைக்கிளுக்கு எதுக்குடா பட்டினி" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

அன்றைய தடம் ரிச்மண்ட். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து ஊர். 2015 உலக சைக்கிள் சாம்பியன்ஷிப் அங்கேதான் நடந்தது, அந்தத் தடத்தை அப்படியே ஆப்பில் வைத்திருக்கிறார்கள். ஒரு சுற்று 16 கிலோமீட்டர் சொச்சம். முக்கால்வாசி தட்டையாகப் போகும், கடைசியில் அடுத்தடுத்து மூன்று மேடுகள்: லிபி ஹில், 23-வது தெரு, கவர்னர் தெரு. லிபி ஹில்லும் 23-வது தெருவும் கல் பாவியவை. ஸ்லோவாக்கிய வீரர் பீட்டர் சாகன் கடைசிச் சுற்றில் அந்த 23-வது தெருவில்தான் எல்லாரையும் உதறிவிட்டுப் போய் உலக சாம்பியன் ஆனார். தொலைக்காட்சியில் பார்த்த அதே மேட்டில், அதே வளைவில் நாமும் மிதிக்கிறோம் என்பது சின்னப்பிள்ளைத்தனமான சந்தோஷம்தான், ஆனால் சந்தோஷம். எங்களுக்கு இரண்டு சுற்று.

ரேஸ் தொடங்குவது எப்படி என்று தெரியாதவர்களுக்கு: கொடி அசைகிற வரை சும்மா இருக்கக் கூடாது. கடிகாரத்தில் பத்து நொடி இருக்கும்போதே மிதிக்க ஆரம்பித்துவிடணும், ஏனென்றால் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், பூஜ்யத்தில் கூட்டம் துப்பாக்கிக் குண்டாகக் கிளம்பும். எனக்கு ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய அளவு 200 வாட்தான், முதல் ஒரு நிமிடம் 350-ல் இருந்தேன். இரண்டாவது நிமிடத்தில் தொண்டையில் இரும்பு ருசி. அந்த இரண்டு மூன்று நிமிடத்தைத் தாங்கிவிட்டால் கூட்டம் தளரும், தாங்காவிட்டால் அன்றைய கதை அவ்வளவுதான், மிச்ச நேரம் தனியாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம். ஸ்விஃப்ட் ரேஸில் இதை விட்டால் பாக்கி எல்லாம் சமாளிக்கக்கூடியது.

தட்டைப் பகுதியில் கூட்டத்துக்குள் இருந்தால் தனியாக மிதிப்பதில் கிட்டத்தட்டக் கால்வாசி மிச்சம். ஆனால் ஒரு நொடி அசந்தால் பின்னால் வழுக்கிவிடும், இடைவெளியை மூடச் சொல்லித் திரையில் எழுத்து வரும், அதைப் பார்க்கிறபோதே நாலு மீட்டர் போயிருக்கும். அதை மூட இன்னொரு 350 வாட். ரோட்டில் முன் சக்கரத்தைக் கண்ணால் பார்த்து, காதால் கேட்டுச் செய்கிற வேலையை இங்கே எண்களைப் பார்த்துச் செய்யணும். முன்னால் இருக்கிறவர் பெயருக்குப் பக்கத்தில் வாட்/கிலோ திடீரென்று 5, 6 என்று ஏறினால் அவர் கிளம்பிவிட்டார் என்று பொருள், நாமும் அந்த நொடியே எழுந்துவிடணும். இதுவும் ஒரு கலைதான், ரோட்டுக் கலை இல்லை, அவ்வளவுதான்.

நடுவில் சாலைக்கு மேலே நிற்கிற தோரண வளைவுகளைக் கடக்கும்போது பரிசு மாதிரி சக்திகள் விழும். இறகு விழுந்தால் கொஞ்ச நேரத்துக்கு உங்கள் எடை குறையும், மேட்டுக்கு ஆகும். ஹெல்மெட் விழுந்தால் காற்றுத் தடை குறையும், கடைசி ஸ்பிரிண்டுக்கு ஆகும். இதையெல்லாம் பார்த்துவிட்டு இது வீடியோ கேம்தானே என்று மூக்கைச் சுளிக்கிற பெரியவர்கள் எங்கள் குரூப்பில் உண்டு. இரண்டாவது சுற்றில் 23-வது தெருவில் அவர்களை ஏற்றிவிட்டு நாடித்துடிப்பைப் பார்க்கணும். இறகை அதற்காகவே எடுத்து வைத்திருந்தேன். அந்த மேட்டில் கூட்டம் இரண்டாக உடைந்தது, நான் பின் பாதியில், எட்டுப் பேரோடு. கவர்னர் தெரு ஏறி முடித்ததும் கடைசி நேர்க்கோடு, கால் எரிகிறது, ட்ரெய்னர் ஊளையிடுகிறது, பக்கத்தில் ஜப்பான் கொடி போட்ட ஒருத்தர் சரியாக நூறு மீட்டர் இருக்கும்போது ஹெல்மெட்டைப் போட்டு என்னைத் தாண்டினார். முகம் தெரியாது, குரல் தெரியாது, ஆனால் அந்த ஐம்பது நிமிடமும் அவர் எங்கே இருக்கிறார் என்பதைத் தவிர வேறு எதையும் நான் யோசிக்கவில்லை. ரேஸ் என்றால் இதுதானே?

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். நம்ம ஊரில் என்னை மாதிரி நடுத்தர ஆளுக்கு ரேஸ் என்ற ஒன்று கிடைப்பதே இல்லை. சாலையை மூடி ரேஸ் நடத்துவது அபூர்வம், அனுமதி வாங்குவதற்குள் நடத்துபவர் பாதி இளைத்துவிடுவார். பெரும்பாலும் விடிகாலையில், வண்டிகள் வருவதற்குள் முடிகிற டைம் ட்ரையல்தான், ஆளுக்கு ஒரு நிமிட இடைவெளி, தனியாகப் போய்த் தனியாக வருவது. தப்பித் தவறிக் கூட்டமாக ஓட்டுகிற ரேஸ் ஏதாவது வந்தால் அதில் மாநில அளவில் ஓட்டுகிற பையன்களும் நாமும் ஒரே கோட்டில் நிற்போம். முதல் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு அவர்கள் முதுகுகூடத் தெரியாது. ஸ்விஃப்டில் எந்த ஞாயிறு ஏறினாலும் என் கால் அளவுக்கே இருக்கிற இருபது முப்பது பேர் இருக்கிறார்கள். பதினெட்டாவது இடத்துக்கும் பத்தொன்பதாவது இடத்துக்கும் உயிரைக் கொடுத்து அடித்துக்கொள்கிற அனுபவம் இந்தக் காசுக்கு வேறு எங்கே கிடைக்கும்? பத்துக்கு எட்டரை, கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பேன்.

பிரிவுகள் பற்றி ஒரு வார்த்தை, நம்ம ஆட்களுக்கு இது முக்கியம். முன்பெல்லாம் ரேஸில் ஏ, பி, சி, டி என்று பெரும்பாலும் வாட்/கிலோவை வைத்துப் பிரிப்பார்கள். 4-க்கு மேல் ஏ, 3.2-க்கு மேல் பி, 2.5-க்கு மேல் சி, மற்றவர்கள் டி. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் 58 கிலோ இருக்கிற ஒரு சென்னைப் பையன் 3.1 வாட்/கிலோ மிதித்தால் 180 வாட், 85 கிலோ இருக்கிற ஒரு ஹாலந்துக்காரர் அதே 3.1-ல் மிதித்தால் 263 வாட். இருவரும் சி பிரிவு. தட்டையான சாலையில் காற்றைக் கிழிப்பது வாட்தான், எடை இல்லை, அதனால் நம்ம பையனைத் தட்டைத் தடத்தில் துடைத்துப் போட்டுவிடுவார்கள். ஒல்லியாக இருப்பவர்கள் எல்லாரும் மேடு இருக்கிற ரேஸாகப் பார்த்துத் தேடி ஓடியது இதனால்தான். 2024-லிருந்து ரேசிங் ஸ்கோர் என்று பூஜ்யத்திலிருந்து ஆயிரம் வரை ஒரு மதிப்பு வந்திருக்கிறது, உங்கள் ரேஸ் முடிவுகளைப் பார்த்து அது ஏறும், இறங்கும். நிறைய ரேஸ்களில் இப்போது அதை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். தோற்றுக்கொண்டே இருந்தால் கீழே வந்து உங்களுக்குச் சமமானவர்களோடு சேர்ந்துவிடுவீர்கள். ஒல்லி ஆட்களுக்கு இது பெரிய விடுதலை.

ஏமாற்று வேலை உண்டா? உண்டு. எடை என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் நீங்கள் போட்டதுதான் எடை, சாதாரண ஞாயிறு ரேஸில் யாரும் உங்களைத் தராசில் ஏற்றப் போவதில்லை. ட்ரெய்னர் அளவு சரியில்லாமல் அதிகம் காட்டினாலும் அப்படித்தான். 70 கிலோ ஆள் மேட்டில் கொஞ்சம்கூட மூச்சு வாங்காமல் 6 வாட்/கிலோவில் பறந்தால் சிரித்துவிட்டு விட்டுவிடணும். பெரிய போட்டிகளில் எடை, உயரம், மிதித்த பதிவு எல்லாவற்றையும் சரிபார்க்கிறார்கள், அந்தக் கண்டிப்பு நம்ம அளவில் இல்லை. முதல் இடத்துக்கு ஆசைப்படாதவர்களுக்கு இது பெரிய பிரச்சினையே இல்லை.

இதெல்லாம் நிஜ சைக்கிளிங்கா என்று கேட்பவர்களுக்கு ஜே வைன் என்ற பெயர் போதும். ஆஸ்திரேலியர், 2020-ல் ஸ்விஃப்ட் நடத்திய தேர்வில் ஜெயித்துத்தான் ஆல்பெசின் அணியில் தொழில்முறை ஒப்பந்தம் வாங்கினார், 2022-ல் ஸ்பெயினில் நடக்கிற மூன்று வார ரேஸான வுவெல்ட்டாவில் இரண்டு கட்டங்களை ஜெயித்தார். 2020 டிசம்பரில் நடந்த முதல் இ-சைக்கிளிங் உலக சாம்பியன்ஷிப்பும் இந்த வடோபியாவில்தான். ஆண்களில் ஜெயித்த ஜேசன் ஆஸ்போர்ன் அப்போது படகு வலிக்கிற வீரர், அடுத்த ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார். கால் பொய் சொல்லாது. கை, பிரேக், வளைவு, காற்று, இதைத்தான் ரோட்டில் போய்க் கற்றுக்கொள்ளணும்.

அப்புறம் நம்ம ஊர்த் தலைவலிகள். இதை எந்த வெளிநாட்டு விமர்சனத்திலும் எழுத மாட்டார்கள்.

முதலில் வெப்பம். மழைக்காலத்தில் சென்னை ஹால் என்பது 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம். வியர்வை வரும், ஆனால் காயாது, காயாவிட்டால் உடம்பு குளிராது. அதே 200 வாட் மிதிக்க நாடித்துடிப்பு பத்து, பதினைந்து கூடுதலாக ஓடும். 15 டிகிரி கராஜில் உட்கார்ந்து மிதிக்கிற பெல்ஜியக்காரரோடு நாம் போட்டி போடுகிறோம், இதற்கெல்லாம் ஆப்பில் சலுகை கிடையாது. மேலே சுற்றுகிற ஃபேன் பத்தாது. மண்டபத்தில் வைக்கிற மாதிரி பெரிய பெடஸ்டல் ஃபேன் ஒன்று நேராக நெஞ்சுக்கு அடிக்கணும், முடிந்தால் பின்னால் இன்னொன்று. வியர்வை ஹேண்டில்பார் டேப்புக்குள் இறங்கி, ஹேண்டில்பார் திரும்புகிற இடத்தில் இருக்கிற ஹெட்செட் போல்ட்டைத் துரு ஏற்றும், அதனால் சைக்கிள் மேல் குறுக்கே ஒரு துண்டு, முடிந்ததும் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. சோம்பேறித்தனம் பட்டால் ஆறு மாதத்தில் மெக்கானிக் திட்டுவார்.

இரண்டாவது கரண்ட். ரேஸ் நடுவில் கரண்ட் போனால் ட்ரெய்னர் உங்கள் வாட்டைச் சொல்லாது, பொம்மை நடுரோட்டில் நிற்கும், கூட்டம் போய்விடும். நெட் மட்டும் போனால் வேறு மாதிரி, நீங்கள் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருப்பீர்கள், சுற்றி இருந்தவர்கள் மாயமாகிவிடுவார்கள், மறைவும் போய்விடும். ட்ரெய்னர் ஒன்றும் பெரிதாக மின்சாரம் சாப்பிடாது, அதனால் ட்ரெய்னர், ரவுட்டர், லேப்டாப் மூன்றையும் இன்வெர்ட்டர் பாயிண்டில் கொடுத்துவிடுங்கள். ஃபேனையும்.

மூன்றாவது கீழ் வீடு. அடுக்குமாடி என்றால் ட்ரெய்னர் சத்தத்தைவிட அதிர்வுதான் இறங்கும். ஞாயிறு ரேஸ் முடிந்த அன்று மாலை மாடிப்படியில் கீழ் வீட்டு ஆன்ட்டி நிறுத்தி, "தம்பி, மதியத்துல என்ன, மாவாட்டுறீங்களா? ஒரு மணி நேரமா கிரைண்டர் ஓடுற மாதிரி கேட்டுச்சே" என்றார். கனமான ரப்பர் பாய், அதற்குக் கீழே இன்னொரு மெத்தைப் பாய் போட்ட பிறகு குறைந்தது. விடிகாலை ஸ்பிரிண்ட் மட்டும் வேண்டாம், அக்கம்பக்கம் வேண்டும் நமக்கு.

அமைப்பில் ஒரே ஒரு குறிப்பு. ட்ரெய்னர் டிஃபிகல்டி என்று ஒரு அளவு இருக்கும், முதலிலேயே 50 சதவீதத்தில் வைத்திருப்பார்கள், அதாவது 10 சதவீத மேடு 5 மாதிரி காலுக்குத் தெரியும். இதைக் குறைத்தால் ஏமாற்று என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். மேடு ஏறத் தேவையான வாட் அப்படியேதான் இருக்கும், கியர் மாற்றுகிற அவசியம்தான் குறைகிறது. ரேஸுக்கு அப்படியே விட்டுவிடுங்கள்.

இலவசமாக ஏதும் இல்லையா என்றால், இருக்கிறது. மைவூஷ் என்று அமீரகத்து ஆப், சந்தா கிடையாது. 2024 இ-சைக்கிளிங் உலக சாம்பியன்ஷிப்பே அதில்தான் நடந்தது. ட்ரெய்னர் வாங்கிக் கை கடித்துப்போன மாதத்தில் அதிலேயே ஆரம்பிக்கலாம், தப்பில்லை. பயிற்சிக்குத் தாராளமாகப் போதும். நான் ஸ்விஃப்டுக்கே காசு கொடுப்பது ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு என் அளவு ஆட்கள் அங்கே கூட்டமாக இருப்பதால் மட்டும்தான். அந்தக் கூட்டம் நாளைக்கு இடம் மாறினால் நானும் மாறுவேன்.

ஆண்டுச் சந்தா நம்ம ஊருக்குத் தேவையில்லை. அக்டோபர் பாதியில் மாதச் சந்தா போட்டு, பொங்கலுக்கு முன்னால் நிறுத்திவிடுங்கள், மொத்தம் 60 டாலர் ஆகும், மிச்ச மாதங்களுக்கு ஈ.சி.ஆர். இருக்கிறது. கத்திரி வெயிலில் வேண்டுமானால் இன்னொரு மாதம். நிறுத்தினாலும் உங்கள் கணக்கு அப்படியே இருக்கும், அடுத்த மழைக்கு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதலில் 14 நாள் இலவசமாகத் தருகிறார்கள், அதில் ஒரு வார இறுதியைக் குரூப் ரைடுக்கும் இன்னொன்றை ரேஸுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஃபேனை மட்டும் அதற்கு முன்னாலேயே வாங்கிவிடுங்கள்.